இருளாயி ‘வரல’ என்று சொன்ன காலை

ஊசி போடுவதையும் காயம் கட்டுவதையும் இன்றைய நர்ஸுகளான உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகள். உங்கள் அலமாரியில் இருக்கும் மருந்துகளில் பாதியை நாங்கள் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனால் போன வாரம் உங்களில் ஒருத்தி ஷாதிபூரில் என் வீட்டைத் தேடி வந்தாள். "ஆன்ட்டி, ஒரு பொம்பளை திரும்பத் திரும்ப வார்டுக்கு வர்றா. கேட்டா கீழே விழுந்துட்டேன்னு சொல்றா. அவ விழலைன்னு எனக்குத் தெரியும். எத்தனை கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேங்குறா. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். எனக்குத் தோன்றியதைச் சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு, சொன்னது போதாது என்று பட்டது. அவளுக்காகவும் உங்கள் எல்லோருக்காகவும் இருளாயியின் கதையை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

நான் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். நர்சிங் முடித்ததும் மெட்ராஸில் கப்பல் ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு இந்த அந்தமானில், போர்ட் பிளேரில் வந்து இறங்கினேன். சில வருடங்கள் கழித்து, அறுபதுகளின் கடைசியில், பெரார்கஞ்ச் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். தகரக் கூரை போட்ட கட்டடம். பெண்கள் வார்டு ஒன்று, ஆண்கள் வார்டு ஒன்று, நடுவில் ஒரு வராந்தா. சுற்றிலும் காட்டை வெட்டி நெல் போட்டிருந்த வங்காளிக் குடியேறிகள். அவர்களுக்கு அப்பால், மரம் வெட்டவும் ரோடு போடவும் மெயின்லேண்டிலிருந்து வந்த மஜ்தூர்களின், அதாவது கூலியாட்களின், லைன் வீடுகள். அதில் நம் ஊர்க்காரர்கள், முக்கியமாக ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள், நிறையப் பேர்.

இருளாயி அந்த லைனிலிருந்துதான் வந்தாள். இடது முன்கை எலும்பு உடைந்திருந்தது. முதுகில் பழைய கன்றல்கள் பச்சையும் மஞ்சளுமாகத் தெரிந்தன. நாலாவில் துணி துவைக்கப் போனபோது வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். இந்தத் தீவுகளில் ஓடையை எல்லோருமே நாலா என்றுதான் சொல்வோம். தூக்கிக்கொண்டு வந்த லைன்காரர்களில் ஒரு பெண் என்னைத் தனியே இழுத்துப் போய், "பிள்ளையைத் தண்ணிக்குக் குடுத்தவ சிஸ்டர். அதுலேருந்து புத்தி ஒரு நெலையில இல்ல. அங்க இங்க விழுறா" என்றாள். போன மழைக்காலத்தில், கவனிக்காமல் விட்டதால் இவளுடைய நாலு வயதுப் பெண் அந்த நாலாவில் முழுகிப்போனதாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரலில் இரக்கம் கொஞ்சமும் இல்லை.

இருளாயியின் புருஷன் கருப்பையா மரம் வெட்டும் கூலி. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். தினமும் சாயங்காலம் குளித்து, தலை வாரி, தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவருவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஊட்டிவிடுவார். அவள் முந்தானையாலேயே அவள் வாயைத் துடைத்துவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்து வார்டே உருகியது. பக்கத்துக் கட்டிலில் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலோடு கிடந்த சுபாலா என்ற வங்காளிப் பெண், "ஐசா ஆத்மி கஹான் மிலேகா, சிஸ்டர்?" என்று என்னிடம் பெருமூச்சு விட்டாள். இப்படி ஒரு மனுஷன் எங்கே கிடைப்பான் என்று.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவர் இருக்கும்போது இருளாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வலிக்கிறதா என்று நான் கேட்டால், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "இல்ல" என்றாள். அவர் போன பிறகுதான் அவளுடைய தோள் கீழே இறங்கும். அதுவரை இரண்டு தோளும் காது வரை தூக்கிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தது அவளுக்கே தெரிந்திருக்காது.

நேராகக் கேட்டேன். "இருளாயி, உன்னை யாராவது அடிச்சாங்களா?"

"இல்ல சிஸ்டர். வழுக்கிருச்சு."

மறுபடி கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குமேல் கேட்டால் அவளுக்கு நானும் இன்னொரு பயமாகிவிடுவேன் என்று பட்டது. கேட்பதை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால் விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை.

அப்போதெல்லாம் பேண்டேஜ் துணியைத் தூக்கிப் போட மாட்டோம். துவைத்து, வேகவைத்து, காயவைத்துச் சுருட்டி வைப்போம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வேலைக்கு எங்கள் மேட்ரன் தனி அறை ஒதுக்கியிருந்தார். அங்கே போகாமல், நான் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு இருளாயியின் கட்டிலுக்குப் போனேன். "ஒரு முனையைப் பிடிச்சுக்கிறியா?" என்றேன். நல்ல கையால் பிடித்துக்கொண்டாள். நான் மறுமுனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வருவேன். இரண்டு பேர் கண்ணும் துணியில் இருக்கும். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியே மழை. தகரத்தில் விழும் சத்தத்தில் அடுத்த கட்டிலுக்குப் பேச்சு கேட்காது.

சில மதியங்கள் துணி சுருட்டுவதிலேயே போயின. ஒருநாள் எனக்கு ஒன்று உறைத்தது. லைன்காரர்கள், டாக்டர், கருப்பையா, யார் பேசினாலும் ‘அந்தப் பிள்ளை’ என்றுதான் சொன்னார்கள். ஒருவர் வாயிலிருந்தும் பெயர் வந்ததே இல்லை.

"உன் மக பேரு என்ன, இருளாயி?" என்றேன்.

துணி அவள் கையிலிருந்து நழுவியது. எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, "செவந்தி" என்றாள். பிறகு இன்னொரு தரம், அந்தப் பெயர் தன் வாயில் இன்னும் இருக்கிறதா என்று சோதிப்பதுபோல, "செவந்தி" என்றாள்.

"செவந்திக்கு என்ன பிடிக்கும்?"

"நண்டு. நாலா ஓரத்துல பொந்துக்குள்ள குச்சிய விட்டு நண்டப் பிடிப்பா. அதுக்குப் பயப்படவே மாட்டா. பிடிச்சு மடியில கட்டிக்கிட்டு வந்து எங்கிட்ட, ஆத்தா இது மாமன் நண்டு, இது அத்தை நண்டுன்னு..." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. நான் "அழாதே" என்று சொல்லவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் செத்துப்போன பிறகு அன்றுதான் முதல்முறையாக அவளுக்காகச் சத்தம் போட்டு அழுகிறாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"வீட்டுல பேர் சொல்லப்படாது சிஸ்டர். சொன்னா அவருக்கு ஆகாது" என்றாள்.

"ஆகாதுன்னா?"

கட்டுப் போட்டிருந்த கையைப் பார்த்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பிள்ளை போன அன்றைக்கு அவளுக்குச் சேற்றில் நாற்று நடும் வேலை. மழையால் கருப்பையாவுக்கு வேலை இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"குடிக்கல சிஸ்டர். அவரு குடிக்கிற ஆளே இல்ல. முந்தின நாள் பூரா மரம் ஏத்துன அசதி. நாலா ஓரத்துல தூண்டி போட்டுட்டு உக்காந்தவரு அப்படியே கண்ணசந்துட்டாரு. பிள்ளை நண்டுக்கு எறங்கிருக்கு. மேக்கால மழை, தண்ணி சடார்னு வந்துருச்சு. நான் ஓடிவந்தப்ப லைனே கூடி நிக்கிது. எல்லாரும் பிள்ளை எப்படிடா போச்சுங்கிறாங்க. இவரு, அவ ஆத்தா கூட்டிட்டுப் போயிட்டான்னு நெனச்சேன்னு சொல்லிட்டாரு. அப்புறம் எம்மூஞ்சியப் பாக்குறாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னுட்டேன். நாந்தான் கூட்டிட்டுப் போனேன், வழியில விட்டுட்டேன்னு சொல்லிட்டேன். அவரு மூஞ்சியப் பாத்தேன் சிஸ்டர். இல்லைன்னு சொன்னா அன்னிக்கே எங்கயாச்சும் தொங்கிருவாருன்னு பயம் வந்துச்சு. பிள்ளையும் போயி அவரும் போயிட்டா நான் இந்தத் தீவுல யார்கூட இருக்கிறது?"

அவரைக் காப்பாற்றத்தான் அந்தப் பழியை வாங்கிக்கொண்டாள். ஊர் அவளைத் தூற்றியது, அவர் தப்பித்தார். ஆனால் அவள் பிள்ளையை நினைத்து அழும்போதெல்லாம், அது தன்னைக் குற்றம் சொல்லும் அழுகையாக அவருக்குக் கேட்டது. கையை ஓங்கினார். அடித்துவிட்டு அவரே அழுதார், அவரே எண்ணெய் தேய்த்துவிட்டார், அவரே ஊட்டிவிட்டார்.

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அன்று சாயங்காலம் அவர் தூக்குச்சட்டியோடு வந்து, ஒரு நல்ல செய்தி சொல்வதுபோல, "சிஸ்டர், எங்க கேங்கை மிடில் அந்தமானுக்கு மாத்திட்டாங்க. வெள்ளிக்கிழமை போட். இவளையும் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார். காட்டுக்குள் இருக்கும் கேம்ப் அது. யானைகள் மரம் இழுக்கும் இடம். ஆண்கள்தான் அங்கே அதிகம். அலறினால் ஓடிவர அக்கம்பக்கம் கிடையாது. இருளாயியின் தோள் மறுபடி காது வரை ஏறியது.

உண்மை முழுவதும் என் நாக்கு நுனியில் இருந்தது. வார்டு நடுவில் நின்று, "பிள்ளையைப் பாக்காம தூங்கினது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று கத்தியிருந்தால் அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போயிருப்பார். எனக்கு நெஞ்சு குளிர்ந்திருக்கும். ஆனால் வேறு எங்கும் சொல்லாததை அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். என் வாயிலிருந்து அது வெளியே வந்தால், அதற்கான அடி எனக்கு விழாது, அவளுக்குத்தான் விழும். இதை மட்டும் எப்போதும் மனதில் வையுங்கள். நோயாளி நம்மை நம்பிச் சொன்னது அவளுடையது. அதை எடுத்து வீசுவதற்கு நமக்கு உரிமை கிடையாது, நம் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் சரி.

டாக்டரிடம் போனேன். அவள் சொன்னதைச் சொல்லாமல், முதுகிலிருந்த கன்றல்களை மட்டும் நினைவுபடுத்தி, அவளை இப்போது அனுப்ப வேண்டாம் என்றேன். நல்ல மனிதர், வேலை அவருக்குக் கழுத்துவரை இருந்தது. "மியா-பீவி கா மாம்லா ஹை, சிஸ்டர். புருஷன் பெண்டாட்டி விவகாரத்துல நாம எப்படித் தலையிடுறது? கட்டை அங்கே கம்பவுண்டர் அவிழ்த்துடுவார்" என்றார். "எலும்பு சேர்ந்திருச்சான்னு படம் எடுத்துப் பார்க்க அங்கே மெஷின் இல்லையே டாக்டர். கட்டை நீங்களே பார்த்து அவிழ்த்தா நல்லது" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். என்ன கேட்கிறேன் என்று புரிந்தது அவருக்கு. "சரி, அவ இருக்கட்டும்" என்றார். இன்று உங்களுக்குச் சட்டம் இருக்கிறது, கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இருக்கிறார்கள். எங்களுக்கு அன்று ஒரு மாவுக்கட்டுதான் இருந்தது.

ஆனால் அதைக் காட்டி அவளை நிறுத்தி வைப்பதும் இன்னொரு விதத்தில் அவளைக் கேட்காமல் முடிவெடுப்பதுதான். அவளிடம் போய், "இருளாயி, டாக்டர் உன்னை இங்கே வச்சுக்கலாம்னு சொல்லிட்டார். போறதா இருந்தாலும் போகலாம். உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

அவள் திகைத்துப்போனாள். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அன்று பூராவும் யோசித்தாள். மறுநாள் பேண்டேஜ் முனையைப் பிடித்துக்கொண்டு, "நான் போகல சிஸ்டர்" என்றாள். "செவந்திய அந்தப் படாக் மரத்தடியில பொதச்சு வச்சிருக்கு. அங்க போயிட்டா இங்க வெளக்குக் கொளுத்த ஒரு ஆள் இல்ல."

அடிக்குப் பயந்துதான் போகவில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தேன். அவளிடம் இருந்த காரணம் வேறு. அவள் காரணம் அவளுக்குப் போதும், எனக்கும் போதும்.

"அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, அது போதும்."

வெள்ளிக்கிழமை காலையில் கருப்பையா தகரப் பெட்டியோடு வந்தார். அவள் போகப்போவதில்லை என்று மேட்ரனிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். மேட்ரன் வார்டு வாசலில் நாற்காலி போட்டு ஏதோ எழுதுவதுபோல உட்கார்ந்துகொண்டார். நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றேன். இருளாயி எழுந்து உட்கார்ந்தாள்.

"கெளம்பு, போட்டுக்கு நேரமாச்சு" என்றார் அவர்.

"நான் வரல."

"என்னது?"

"வரல. செவந்தி இங்க இருக்கா. நான் எங்கயும் வரல."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. கை மேலே போனது. யோசித்து ஓங்கிய கையில்லை அது, பழகிப்போன கை. நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். மேட்ரன் எழுந்தார். ஆனால் எங்களுக்கு முன்னால் எழுந்தது சுபாலாதான். பிள்ளையை மார்போடு பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டிலுக்கும் நடுவே வந்து நின்று அவரைப் பார்த்தாள். அவர் தன் கையையே பார்த்தார். அது அந்தரத்தில் நின்றதை வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. கையை இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கிளாஸ் டீ வாங்கிக் கொடுத்து, கொஞ்சம் தள்ளி நானும் உட்கார்ந்தேன். அவருக்கு எதற்கு டீ என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான். அதை மறந்துவிட்டு அவரிடம் பேசியிருந்தால் அந்தப் பேச்சு அவர் காதில் ஏறியிருக்காது.

டீயைக் குடிக்காமல் படியில் வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் பக்கத்துல இருந்தேன் சிஸ்டர். தூங்கிட்டேன். அவ இல்ல, நாந்தான்" என்றார். சொன்னதும் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவ ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாளா?"

என் வேலையில் எத்தனையோ நெருக்கடிகளைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் நிற்காமல் போனதுண்டு, மூச்சு நின்று திரும்பியதுண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நொடியைப் போல எதுவும் எனக்குக் கனத்ததில்லை.

"செவந்தி நண்டு பிடிப்பான்னு சொன்னா. மாமன் நண்டு, அத்தை நண்டுன்னு பேர் வைப்பாளாமே" என்றேன்.

அவர் உடைந்துபோனார். "அப்பன் நண்டுன்னு ஒண்ணு இருக்கு சிஸ்டர். இருக்கிறதுலேயே பெரிசு அதுதான்" என்று சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அழுது ஓய்ந்த பிறகு, "இப்ப கூட்டிட்டுப் போகட்டுமா? இனிமே தொட மாட்டேன்" என்றார். அந்த நிமிஷத்தில் அவர் பொய் சொல்லவில்லை, நெஞ்சார நம்பித்தான் சொன்னார். வார்டுப் பெண்கள் ஜன்னலில் கூடி, பாவம், அனுப்பிவிடலாமே என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

"கருப்பையாண்ணே, அழுதது நல்லது. ஆனா அவ வரலைன்னு சொல்லிட்டா. நீங்க தொட மாட்டீங்கன்னு என்கிட்ட சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல. நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போட் ஏறும் முன் லைனுக்குப் போய், எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, பிள்ளை போன அன்று நடந்ததைச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் என்னைத் தனியே இழுத்துப் பேசிய அதே பெண் மறுவாரம் இருளாயியைப் பார்க்க வந்தாள். அவள் தலையைப் பிரித்து வாரிப் பின்னிவிட்டுப் போனாள்.

கட்டு அவிழ்த்த பிறகு சுபாலா அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவர்கள் வயலில் நடவுக்கு ஆள் வேண்டியிருந்தது. இருளாயிக்கு வங்காள மொழி தெரியாது, சுபாலாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் தங்கள் ஹிந்தியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு சேற்றில் நின்று நாற்று நட்டதை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். செவந்தி இருக்கும் மரத்தடியும் அங்கிருந்து பக்கம்தான். விளக்கு அணையாமல் எரிந்தது.

மழைக்காலத்தில் மரவேலை நிற்கும்போது கருப்பையா வருவார். இருவரும் சேர்ந்து அங்கே போய் உட்காருவார்கள். பேர் சொல்லித்தான் பேசுவார்கள் என்று சுபாலா சொன்னாள். ராத்திரி தங்குவதற்கு அவர் லைனுக்குத் திரும்பிவிடுவார்.

அடுத்த வருஷம் ஒருநாள் இருளாயி வெண்டைக்காய் கொண்டுவந்தாள். கை நன்றாகச் சேர்ந்திருந்தது, கூடையை அந்தக் கையில்தான் மாட்டியிருந்தாள். "அவரு திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்காரு சிஸ்டர்" என்றாள்.

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "இன்னும் பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

கூடையை இறக்கி வைத்தாள். "பயமில்ல சிஸ்டர். ஆனா ஆசையும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டு, வார்டுக்கே கேட்கும்படி சிரித்தாள்.